பழைய ஸ்டீம் லிங்க் வாங்கப் போகிறீர்களா? என் 4,800 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடி அறைக் கணினியில் ஓடும் கேமை ஹால் டிவியில் விளையாட வேண்டும் என்பது என் பையனின் ஆசை. அதற்காகத்தான் ஸ்டீம் லிங்க் தேடினேன். வால்வ் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த சின்னக் கறுப்புப் பெட்டி அது. 2018-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதால் பழசுதான் வாங்க வேண்டும். பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் 4,800 ரூபாய்க்கு இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடையில் பேசியவர் உடனே வீடியோ காலில் வந்து, டிவியில் கேம் ஓடுவதைக் காட்டினார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தான். "என் பையன்தாண்ணா. உங்க பையனுக்குன்னு கேக்குறீங்க, கெட்டதைக் கொடுப்பேனா? ஏழு நாள் கேரண்டி" என்றார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும் அப்போதே யூபிஐயில் அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்ததும் கூடவே இருந்த அடாப்டரைச் செருகினேன். டிவியில் ஒன்றும் வரவில்லை. தீய்ந்த வாடைதான் வந்தது. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன் செய்தால், "எச்டிஎம்ஐ கேபிளை மாத்திப் பாருங்கண்ணா." மறுநாள், "டெக்னீசியன் கூப்பிடுவார்." அப்புறம், "ஓனர் வெளியூர்ல இருக்கார்." ஐந்தாம் நாள் போனையே எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே பிரித்தேன். அடி ரப்பரை யாரோ ஏற்கெனவே உரித்து, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு திருகைக் காணோம். உள்ளே போர்டில், பவர் பின் செருகும் இடத்தைச் சுற்றிக் கருகிக் கிடந்தது. அப்போதுதான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட்! ஸ்டீம் லிங்குக்கு வேண்டியது 5 வோல்ட். ஏதோ செட்டாப் பாக்ஸ் அடாப்டரைத் தூக்கிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பின் சரியாகப் பொருந்தியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுவரை வாய் திறக்காதவர்கள் ஒரு நிமிடத்தில் பதில் போட்டார்கள்: "பிரிச்சுட்டீங்களா சார்? அப்ப கேரண்டி கிடையாது." அண்ணன் சார் ஆகிவிட்டார். அது முன்பே கருகியதோ, அவர்கள் அடாப்டரால் கருகியதோ, எப்படிப் பார்த்தாலும் தப்பு அவர்களுடையது. 4,800 ரூபாய்! இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். அடாப்டரில் 5 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். பணம் திரும்பி வரும்வரை திருகில் கை வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம், ஸ்டீம் லிங்க் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. 4,800 ரூபாய் போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.