‘டேங்க் கிளீனர்’ என்று கெளுத்தி விற்கிறார்கள்: மதுரையில் மீன்தொட்டி வைப்பவர்கள் கவனிக்க

புதிதாகத் தொட்டி வாங்குகிறவர்களுக்கு மதுரை வண்ணமீன் கடைகளில் ஒரே மாதிரி நடக்கும் ஏமாற்று ஒன்று இருக்கிறது. திருநகரில் ஒரு வீட்டுக்கு நடந்ததை இங்கே சொல்கிறோம். கடைப் பெயர் வேண்டாம், இது ஒரே கடையோடு நிற்கும் பழக்கம் இல்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம், அதாவது சுமார் 70 லிட்டர் தொட்டி. (மூன்று அளவையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். கடையில் நின்றபடியே போனில் போட்டுப் பார்க்கலாம்.) அதற்குள் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது கோல்டுஃபிஷ் நான்கு, நியான் டெட்ரா ஆறு, ‘ஷார்க்’ இரண்டு, ‘ரெட் டெயில்’ ஒன்று, ‘டேங்க் கிளீனர்’ ஒன்று. எல்லாமே இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் இருந்த குஞ்சுகள். “அண்ணே, இது இருந்தா நீங்க தொட்டியே கழுவ வேணாம். அடியில கெடக்குறத எல்லாம் அதுவே தின்னுக்கிரும்” என்று உறுதி வேறு.

மறுநாள் காலையில் நியான் நான்குதான் இருந்தது. நான்காம் நாள் ஒன்றுகூட இல்லை, செத்து மிதக்கவும் இல்லை. கேட்டதற்கு “குதிச்சிருக்கும்ணே” என்று சொல்லி ஒரு மூடியை விற்றார்கள். தரையில் ஒரு மீன்கூட விழுந்து கிடக்கவில்லை. நியானைத் தின்றது ரெட் டெயில். அது பகலில் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும், விளக்கை அணைத்ததும் கிளம்பும். தலை அகலத்துக்கு வாய். அந்த வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும். அமேசான் ஆற்றுக் கெளுத்தியான இது ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வீட்டுத் தொட்டி எதிலும் இதற்கு இடமில்லை.

இரண்டாவது வாரம் கோல்டுஃபிஷின் விலாவில் புண். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செதில் மினுமினுப்பு இழந்து, நடுவில் மெல்லிய சிவப்புக் கோடுகள். இது நோயே இல்லை. டேங்க் கிளீனர் என்கிற சக்கர் மீன் இரவில் ஒட்டிக்கொண்டு, உடம்பின் வழவழப்பைச் சுரண்டியதால் வந்தது. கோல்டுஃபிஷ் மெதுவாக நீந்தும், தப்பி ஓடாது, அதனால் முதலில் மாட்டுவது அதுதான். இதற்குக் கடையில் கொடுத்தது நீல மருந்தும் “ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்க” என்ற யோசனையும். செதிலில்லாத கெளுத்தி வகைகள் உப்பையும் மருந்தையும் மற்ற மீன்களைப் போலத் தாங்காது. மூன்றாம் நாள் ஷார்க் ஒன்று செத்தது. மீதி மீன்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் கடை மறுத்துவிட்டது.

அந்த ‘ஷார்க்’ சுறா அல்ல. மீகாங் ஆற்றுக் கெளுத்தி, ஹோட்டல் தட்டில் பாசா என்று வருகிற அதே மீன். கூட்டமாகத் திரியும், ஒரு மீட்டரைத் தாண்டும். சட்டென்று லைட் போட்டால் மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கு தேய்ந்துவிடும். நாலடித் தொட்டி இருந்தாலும் வாங்காதீர்கள்.

எந்தக் கெளுத்தியும் கழிவைத் தின்று வாழாது. இதை மட்டும் எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். சக்கர் பாசியைச் சுரண்டும், உண்மைதான். ஆனால் தின்றதை நூல் நூலாகக் கழிவாகப் போடும், ஓரடிக்கு மேல் வளர்ந்தும் நிற்கும். அடியிலுள்ள அழுக்கை எடுப்பது நம் கை வேலை. வாரம் ஒருமுறை ட்யூப் போட்டு உறிஞ்சி, 70 லிட்டர் தொட்டியில் 15 முதல் 18 லிட்டர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போக ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

பாசிக்கென்று கெளுத்தி வேண்டுமானால் பிரிஸ்டில்நோஸ் கேளுங்கள். நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். இங்கேயும் ஒரு மோசடி உண்டு. வெள்ளைச் சக்கர் குஞ்சை ‘அல்பினோ பிரிஸ்டில்நோஸ்’ என்று கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வளர்ந்த பிரிஸ்டில்நோஸ் ஆணுக்கு மூக்கில் முடி போல முளைக்கும், ஆனால் குஞ்சாக இருக்கும்போது அது இருக்காது, ஆகவே அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதுகுத் துடுப்பு விரியும்போது போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். முன்னால் இருக்கும் கெட்டி முள்ளை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள கதிர்களை எண்ணுங்கள். ஏழெட்டு இருந்தால் பிரிஸ்டில்நோஸ். பத்தும் அதற்கு மேலும் இருந்தால் சக்கர், வாங்காதீர்கள்.

இரண்டடித் தொட்டிக்குப் பொருத்தமான கெளுத்தி கோரிடோரஸ். கடையில் ‘கோரி’ என்பார்கள். இரண்டரை அங்குலம்தான் வளரும், யாரையும் தொந்தரவு செய்யாது. ஒன்றிரண்டாக வாங்கினால் ஒளிந்தே கிடக்கும், ஆறு வேண்டும். கூடவே கப்பியோ சின்ன டெட்ராவோ எட்டுப் பத்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும் பகுதிகளில் டெட்ராவைவிடக் கப்பி நல்லது. அடியில் கூரான கல் போட்டால் கோரியின் மீசை தேய்ந்து, சீழ் பிடித்து, இரை தேடவே முடியாமல் போகும். நன்றாக அலசிய நைஸ் மணல் ஒரு அங்குலம் போதும். வாங்கும்போதே மீசை இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறதா, வயிறு ஒட்டிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரை மேலே மிதக்கிற உருண்டையாக இருக்கக் கூடாது. லைட்டை அணைத்த பிறகு மூழ்குகிற மாத்திரை இரை போடுங்கள்.

ஆஸ்கார் மாதிரிப் பெரிய மீனோடு கோரியைப் போடவே கூடாது. விழுங்கப் போகும்போது கோரி முள்ளை விறைத்துக்கொள்ளும், அது தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். கோல்டுஃபிஷ் தொட்டிக்கு எந்தக் கெளுத்தியும் வேண்டாம்.

மதுரை வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். கோரி எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. ஓயாமல் ஏறி இறங்கினால் ஆபத்து. மூடியைத் திறந்து தண்ணீர் மேல் படும்படி டேபிள் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மீன் குதிக்காமல் இருக்க மேலே வலை விரித்துவிடுங்கள். கோரி வகையிலேயே ஸ்டெர்பை சூட்டை நன்றாகத் தாங்கும், கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

காசு கொடுக்கும் முன் மீனின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘ஃபேன்ஸி ஃபிஷ்’ என்று மொத்தமாகப் போட்டால் ஏற்க வேண்டாம். பெயரும் படமும் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல முடியும். திருநகர் வீட்டில் பில்லே கொடுக்கவில்லை.

ஏற்கெனவே சக்கரோ ரெட் டெயிலோ வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து வைகையிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும், மீனவர் வலையைக் கிழிக்கும், நம் நாட்டு மீனின் இரையையும் தின்னும். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை தனியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஏர் பம்ப் போட்டு வையுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிடிக்கும்போது வலை வேண்டாம், முள் சிக்கிக்கொள்ளும். அகலமான டப்பாவை முக்கி, மீனைத் தண்ணீரோடு அள்ளுங்கள்.