வறண்ட முகத்துக்குத் தேங்காய் எண்ணெயா, கற்றாழையா?

கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் செதில் செதிலாக உரிகிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

எண்ணெய்: ஈரம் தராது, இருக்கும் ஈரம் போகாமல் மூடி போட்டதுபோல் காக்கும். அதனால் காய்ந்த முகத்தில் தேய்த்துப் பெரிய பலன் இல்லை. கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் மிச்சமிருக்கும்போதே இரண்டு மூன்று துளி தடவுங்கள்.
கற்றாழை: மடலுக்குள் இருக்கும் வழவழப்பான சோற்றில் சுமார் 98 சதவீதம் தண்ணீர். தடவியதும் குளுகுளுவென்று இருக்கும். காய்ந்ததும் பலருக்கு மறுபடி இழுக்கும்.

சிரமம்? எண்ணெய்க்கு ஒன்றுமில்லை. கற்றாழை மடலை வெட்டியதும் கசியும் மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டு, சோற்றை நன்றாக அலச வேண்டும். அந்தப் பால் பட்டால் அரிக்கும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கெடாமல் இருப்பது: எண்ணெய் மாதக்கணக்கில், கற்றாழை ஃபிரிட்ஜில் சில நாள்.

பரு வரும் முகமென்றால் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும். வெயிலில் சிவந்து எரிந்தால் கற்றாழை. வெறும் வறட்சிக்கு என் ஓட்டு எண்ணெய்க்குத்தான், அதுவும் இரவில். இரண்டும் கைவசம் இருந்தால் முதலில் கற்றாழை, அது காயும் முன் மேலே எண்ணெய். எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். தோல் வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.