கம்பிக்குக் கொடுத்த 4,85,000 ரூபாய்: ஆப்பில் இன்ஜினியர் பிடித்து வீடு கட்டி விற்க நினைப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்கிக்கொண்டு வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதையும் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வீடு கட்டும் இன்ஜினியர்களை 'நாங்களே சரிபார்த்து' அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆப் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன பணம் 4,85,000 ரூபாய்.

நான் ஒரு கம்பெனியில் 16 வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கட்டட வேலையில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஆனா ஆவன்னா தெரியாது. சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை ஒன்று கிடந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததில் இருந்து தரகர்கள் போன் மேல் போன். வெறும் மனையாக ஏன் விற்க வேண்டும், கீழே ஒன்று மேலே ஒன்று கட்டி விற்றால் என்ன என்று ஆசை வந்தது. அதற்கென்றே நடக்கும் வார இறுதி வகுப்பு ஒன்றுக்கும் போய் உட்கார்ந்தேன். "கொத்து வேலை தெரிய வேண்டியதில்லை, ஆளை வேலை வாங்கத் தெரிந்தால் போதும்" என்றார் நடத்தியவர். அதை நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டவள் நான்.

பிளான் அனுமதியும் சுலபமாகக் கிடைத்துவிட்டது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலையில், நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை கொண்டுவந்தார்களே, அதில் போட்டோம். அலைச்சலே இல்லை. இதுவே இவ்வளவு சுலபம் என்றால் மற்றதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஆப் அனுப்பிய இன்ஜினியருக்கு முப்பது வயது இருக்கும். முதல் நாளே 'அக்கா' என்று ஆரம்பித்தான். பூமி பூஜை, கயிறு கட்டி அளவு குறிப்பது, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது வரைக்கும் 1,20,000 ரூபாய். அதை ஆப் மூலமாகவே கட்டினேன், வேலையும் ஒழுங்காக நடந்தது. 9 குழி எடுத்து, அடியில் பி.சி.சி.யும் (கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்) போட்டுவிட்டான். நடுவில் போர் மோட்டாருக்கு பைப் வாங்கக் கையில் 25,000 கொடுத்திருந்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையில் இருந்து கடை பில்லையும் 1,850 ரூபாய் மீதியையும் எடுத்துக் கொடுத்தான். சில்லறை உட்பட. "கணக்கு கணக்குதான் அக்கா" என்றான்.

அங்கேதான் விழுந்தேன். அக்கவுண்ட்ஸ்காரியிடம் கேட்காமலே பில்லோடு மீதி கொண்டுவந்து கொடுப்பவன் குலதெய்வத்துக்குச் சமம். எங்கள் ஆபீஸில் மேனேஜர்களே பெட்ரோல் பில் கொடுக்க மூன்று மாசம் இழுப்பார்கள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது எல்லோரிடமும் இவனைப் பற்றிப் பெருமை பேசினேன். இப்போது நினைத்தால், 1,850 ரூபாய்க்கு என்னை விலைக்கு வாங்கியிருக்கிறான்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன். "அக்கா, திங்கட்கிழமை கம்பி ரேட் ஏறுது. ரெண்டு தளத்துக்கும் சேர்த்து 7 டன் இப்பவே புக் பண்ணிட்டா உங்களுக்குத்தான் லாபம்." 1,700 சதுர அடிக்கு, சதுர அடிக்கு 4 கிலோ என்று கணக்கும் சொன்னான். வரியோடு கிலோ 66 ரூபாய், 7,000 கிலோவுக்கு 4,62,000. லாரி வாடகை, இறக்குகூலி 23,000. மொத்தம் 4,85,000. ஆப்பில் கட்டினால் அவன் கைக்கு வர மூன்று நாள் ஆகுமாம், அதனால் நேராக அவன் கணக்குக்குப் போடச் சொன்னான். ஆப்பின் ரிலேஷன்ஷிப் மேனேஜரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்ஜினியர் கணக்குக்கே அனுப்பலாமா?" என்று கேட்டேன். அந்த மேனேஜர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். மஞ்சள் கட்டைவிரல், ராத்திரி 9:42. நகையை வைத்து எடுத்திருந்த பணத்தை 9:50க்கு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு பில் வந்தது. அதன் தலையில் 'புரோஃபார்மா இன்வாய்ஸ்' என்று அச்சடித்திருந்தது. அது பில்லே இல்லை, வெறும் விலைப்புள்ளி என்பது எனக்குத் தெரியும். புதுசாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு லாரியில் போனால் இ-வே பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும், தினமும் நான் போடுவது. இரண்டையும் கேட்கவில்லை. கட்டட லைனில் இப்படித்தான் போலிருக்கிறது, நமக்குத் தெரியாத தொழில், எதையாவது கேட்டு அசடு வழிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன். கம்பியைப் பற்றித் தெரியாதது போகட்டும், எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தையும் மூட்டைகட்டி வைத்துவிட்டேனே, அதுதான் ராத்திரி தூங்க விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைக்குப் போனேன். கம்பி கிடந்தது! குழிகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் பாதி மூடி. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை போனால் தரை காலி. போன் போட்டால், "கட்டிங் யார்டுக்குப் போயிருக்கு அக்கா, வெட்டி வளைச்சு ரிங் அடிச்சு வரும்" என்றான். அப்போது பக்கத்து மனையில் வேலை பார்க்கும் மேஸ்திரி, அறுபது வயதுக்காரர், டீ டம்ளரோடு வந்தார்.

"யாரம்மா நீங்க? இந்த இடத்துக்காரங்களா? ரெண்டு நாள் எங்க கம்பியை இறக்கி வச்சிருந்தோம்மா, எங்க பக்கம் செங்கல் அடுக்கியிருந்துச்சு. உங்க இன்ஜினியர்கிட்ட கேட்டுத்தான் வச்சோம்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. போட்டோவைக் காட்டி, "இது 7 டன் கம்பிங்க, என்னோடது" என்றேன். வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனுஷர். "இது ரெண்டு டன்கூட வராதும்மா. எல்லாம் எட்டும் பத்துமா கிடக்கு. தூணுக்குப் பதினாறு எம்.எம். எங்கே? பன்னெண்டு மீட்டர்ல பதினாறு ஒன்னு பத்தொன்பது கிலோ வரும், ஒத்தை ஆள் தூக்கவே யோசிப்பான். எடைமேடைச் சீட்டு வாங்கினீங்களா?" என்றார். கம்பியின் விட்டத்தை எம்.எம். கணக்கில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 4,85,000 கட்டி அதைப் படித்தேன்.

அதற்குப் பிறகு அவன் சொன்ன காரணங்கள்: மில்லில் லோடு லேட், லாரி டயர் வெடித்துவிட்டது, மழை, அம்மாவுக்கு ஆபரேஷன். ஆபரேஷன் என்றதும் நான் "அம்மாவைப் பார்த்துக்கோப்பா, கம்பி மெதுவா வரட்டும்" என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். வக்கீல் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். ஐந்தாம் வாரத்தில் இருந்து ஒற்றை டிக்.

ஆப்காரர்கள் இவனுக்கு மேல். சாட்டில் புகார் போட்டால் "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு வரி, 48 மணி நேரத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று தானாகவே மூடிக்கொள்ளும். இதுபோல் ஆறு தடவை. ரிலேஷன்ஷிப் மேனேஜர் மாறிவிட்டார், புதியவருக்குப் பழைய விவரம் தெரியாது, முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவரும் மாறிவிட்டார். கடைசியில் ஒரு மெயில்: ஆப்புக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, விதிமுறையில் இருக்கிறது. அப்படியென்றால் கட்டைவிரல் யாருடையது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு கேட்டேன். "அது செய்தியைப் பார்த்ததற்கான அடையாளம் மட்டுமே" என்று பதில். அந்த இன்ஜினியர் படம் இன்றைக்கும் ஆப்பில் பச்சை டிக்கோடு சிரித்துக்கொண்டு இருக்கிறது.

ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டரும்மா" என்றார்கள். மூன்று தடவை நடந்த பிறகுதான் சி.எஸ்.ஆர். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால் அங்கேயும் ஒரு முள். வியாபார நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் இல்லை. குடியிருக்கக் கட்டியிருந்தால் பேச்சே வேறு. நானோ 'விற்கத்தான் கட்டுகிறேன், செலவைக் குறைத்துப் பிடி' என்று பத்து இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன், எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே அதைப் பிடிக்கும் என்கிறார் வக்கீல். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா? 500 சதுர மீட்டரைத் தாண்டாத இடத்துக்குப் பதிவே தேவையில்லை, என் மனை 111. அதுவும் வீடு வாங்குகிறவருக்குத்தான் பாதுகாப்பு. அரை கிரவுண்டில் கட்டி விற்கிறவள் வாடிக்கையாளரும் இல்லை, பில்டரும் இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், தெம்பில்லை. கம்பி, சிமெண்டுக்கு இன்ஜினியர் கையில் பணம் தராதீர்கள், கடைக்காரர் கணக்குக்கே போடுங்கள். எடைமேடைச் சீட்டும் வரி பில்லும் இல்லாமல் லோடு இறக்க விடாதீர்கள். ஆப்புக்கு வெளியே பணம் கேட்டால் அன்றோடு ஆளை மாற்றுங்கள், அவன் மீதிச் சில்லறையைத் தங்கத்தட்டில் வைத்துக் கொடுத்திருந்தாலும் சரி. வாரம் ஒரு தடவை வந்து பார்க்க, சம்பந்தமில்லாத ஒரு மேஸ்திரிக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுங்கள். அவ்வளவுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது.

பக்கத்து மனை மேஸ்திரி காலையில் போன் பண்ணினார். குழியில் எல்லாம் தண்ணீர் நிற்கிறதாம், தெருப் பிள்ளைகள் பந்து எடுக்க இறங்குகிறார்களாம், மூடிவிடச் சொல்கிறார். ஜே.சி.பி. மணிக்கணக்கில் வாடகை. நாளைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறேன்.