தினம் ஒரு மாத்திரையா, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியா?

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் யாங்கூன் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. தம்பி இம்யூனோதெரபி கட்சி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் ஊசி. நான் மாத்திரைக் கட்சி. கீமோ வேண்டாம் என்பதில் மட்டும் ஒற்றுமை. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அக்கா பட்ட பாடு, வேறொன்றும் இல்லை.

தம்பி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நோயோடு சண்டை போடும் நம் உடம்பின் டி செல்களுக்கு பிடி-1 என்று ஒரு பிரேக் உண்டு. புற்று அதை அழுத்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளும். தம்பி சொன்ன ஊசி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் அந்தப் பிடியை விடுவிக்கிறது. இப்படி பிரேக்குகளை விடுவித்துப் புற்றை அடக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2018இல் ஆலிசன், ஹோஞ்சோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு நோபல். மருந்து பலிக்கிறவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பலிக்கிறது. ஒரு பெரிய ஆய்வில் ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசிக்காரர்களில் 32 சதவீதம், கீமோக்காரர்களில் 16.

ஆனால் அம்மாவுக்கு இருந்த மரபணு மாற்றம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அம்மா சுருட்டைத் தொட்டதில்லை. புகைக்காத ஆசியப் பெண்களிடம் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் அதிகம் என்பதால், சதைத் துண்டைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தோம். இருந்தது. செல்லின் மேலிருக்கும் வளர்ச்சி சுவிட்ச், போட்டபடியே மாட்டிக்கொண்ட நிலை. இந்த வகைக்கு இம்யூனோதெரபி பெரும்பாலும் எடுபடாது. அந்தச் சுவிட்சை அணைக்கும் மாத்திரை எடுபடும். ‘ஊசியை முதலில் போட்டுப் பார்ப்போமே’ என்றான் தம்பி. ஊசிக்குப் பின்னால் இந்த வகையில் புது மாத்திரையான ஆசிமெர்டினிப்பைக் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடும் என்றார் டாக்டர்.

சோதனை வேறு மாதிரி வந்திருந்தாலும் நான் மாத்திரை பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ. காரணம் கரண்ட். ஊசி மருந்து எப்போதும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இங்கே முறை வைத்துக் கரண்ட் நிறுத்துகிறார்கள். ஐஸ் பெட்டியில் குப்பியைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை நம்பி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். அதுவும் வேண்டாமென்றால் சென்னை: விசா, விமானம், தங்குமிடம், கூட ஓர் ஆள். ஊசியால் தைராய்டு, குடல், ஈரல் என்று எங்கே அழற்சி வந்தாலும் உடனே பார்க்கத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் வேண்டும். இந்த வகையில் பழைய மாத்திரையான ஜெஃபிடினிப் 250 மில்லிகிராமுக்கு அலமாரி போதும். சென்னை போய்வரும் சொந்தக்காரர் பையில் மூன்று மாதத்துக்கு வந்துவிடும். இந்தியக் கம்பெனி மாத்திரை என்பதால் விலையும் கைக்கு எட்டியது.

தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். முகமெல்லாம் பரு. அம்மா ‘தனக்கா’ என்ற பர்மா மரப்பட்டைச் சாந்தைப் பூசிப் பார்த்தார், தோல் இன்னும் வறண்டது. நகச்சுத்தி, வயிற்றுப்போக்கு. வயிற்று அமிலத்தைக் குறைக்கப் போடும் மாத்திரை இந்த மருந்தை உடம்பில் சரியாக ஏறவிடாது என்பது எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. காலையில் சாப்பிடும் மொஹிங்கா என்ற மீன் சாறு நூடுல்ஸ் நின்றதுதான் அம்மாவுக்குப் பெரிய குறை.

ஊசியை நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை, அதன் கஷ்டநஷ்டம் கேள்வி ஞானம்தான். இஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லாத, புகைபிடித்த பெகு ஊர்ச் சித்தப்பாவுக்கு டாக்டர் ஊசியைத்தான் சொன்னார். அவருக்கு அதுவே சரியாக இருக்கும்.

மாத்திரைக்கும் ஆயுள் உண்டு. ஜெஃபிடினிப் சராசரியாகப் பத்து மாதம் தாங்கும், ஆசிமெர்டினிப்பை முதலிலேயே கொடுத்தால் பத்தொன்பது. விலையைப் பார்த்துப் பழையதில் தொடங்கினோம். பதினான்காம் மாதம் கட்டி மறுபடி வளர்ந்தது. மாத்திரையை எடுபடாமல் செய்யும் டி790எம் என்ற புது மரபணு மாற்றம் பாதிப் பேருக்கு வருமாம், அம்மாவுக்கும் வந்திருந்தது. அதற்குக் கேட்கும் ஆசிமெர்டினிப்புக்கு மாறி இப்போது ஐந்தாவது மாதம். வளையலை விற்றோம்.

இதுவும் நின்றால் அடுத்தது பெரும்பாலும் கீமோதான் என்கிறார் டாக்டர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.