கட்டட விதிகள்: ஊர் மட்டும் பார்த்தால் போதுமா, மாநிலமும் பார்க்க வேண்டுமா?

அமெரிக்காவில் கட்டட விதிகளை நடைமுறையில் அமல்படுத்துவது பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகம்தான். அதை முழுக்க ஊர் கையிலேயே விடுவதா, மேலே மாநில அரசும் ஒரு கண் வைத்திருப்பதா என்பதுதான் கேள்வி.

ஊர் கையில் விட்டால் வேகம் உண்டு. ஆய்வாளருக்கு மண்ணும் தெரியும், கட்டுகிறவரையும் தெரியும். இந்த இரண்டாவது பழக்கம்தான் சிக்கலே, தெரிந்தவர்தானே என்று ஆய்வு மேலோட்டமாகிவிடலாம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கியது. அங்கே விதிகள் கண்டிப்பானவை என்றுதான் பெயர். ஆனால் பிய்ந்துபோன கூரைகள் பலவற்றில், பலகையை இறுக்க அடித்த ஸ்டேப்பிள்கள் (‘ப’ வடிவக் கம்பி ஆணிகள்) மரச்சட்டத்தில் படாமல் பக்கத்தில் இறங்கியிருந்தன. ஆய்வாளர் பரணில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்! அப்புறம்தான் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதித்தொகுப்பு உருவாகி, 2002 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

நியூயார்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே. (நியூயார்க் நகரத்துக்குத் தனி விதிகள், அது இந்தக் கணக்கில் வராது.) அனுமதி, ஆய்வு, புகார் ஆகியவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கும் அங்கே மாநிலம் குறைந்தபட்ச வரையறை வைத்திருக்கிறது. உள்ளூர் அமைப்புகள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். ஊர் ஒதுங்கிக்கொண்டால் பொறுப்பு கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) போகும். அதுவும் ஒதுங்கினால் மாநிலத்துக்கு.

சரி, இதில் காகித வேலை கூடும். பகுதிநேர ஆய்வாளர் ஒருவரே உள்ள சின்ன ஊரில், அறிக்கை எழுதும் நேரம் களத்துக்குப் போகும் நேரத்திலிருந்துதான் கழியும். ஆனாலும் என் ஓட்டு மாநிலக் கண்காணிப்புக்கே. மேலிருந்து வருகிறவர் கோப்பை மட்டும் புரட்டாமல், அந்தப் பரணிலும் ஏறிப் பார்க்க வேண்டும்.