ரிலாக்சர் போட்ட முடிக்கு எது சரி: நியூட்ரலைசிங் ஷாம்பூவா, வினிகரா, எலுமிச்சையா?

‘நியூட்ரலைசர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் புழங்குகின்றன. பாதித் தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன. நம் பார்லர்களில் செய்யும் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் பெரும்பாலும் தயோகிளைகோலேட் (சுருக்கமாகத் ‘தயோ’) க்ரீம் வகை. அதன் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9 முதல் 9.5 வரை இருக்கும். அதில் இரண்டாவதாகப் பூசும் நியூட்ரலைசர் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தது. முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை க்ரீம் பிரித்துவிடும்; அவற்றைத் திரும்ப இணைப்பது அதன் வேலை.

ஆப்பிரிக்க வம்சாவளியினர் இறுக்கமான சுருட்டை முடியை நேராக்கப் போடும் ரிலாக்சர் வேறு ரகம். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்ததை ‘லை’ என்பார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீமில் குவானிடின் கார்பனேட் திரவத்தைக் கலந்து பூசுவது ‘நோ-லை’. இரண்டுமே பி.எச். 12-ஐத் தாண்டும். பி.எச். ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறும். ஆக, 5-ல் இருந்த முடியை 13-க்குக் கொண்டுபோவது பத்து கோடி மடங்கு ஏற்றம். இங்கே கந்தகப் பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது லாந்தியோனின் என்ற நிரந்தரப் பிணைப்பு. பெராக்சைடு ஊற்றினாலும் திரும்ப இணைக்க ஒன்றுமில்லை. தேவை, காரத்தை முறிக்கும் அமிலம் மட்டுமே. கீழே ஒப்பிடுவது இந்த ஹைட்ராக்சைடு வகைக்கான வழிகளை.

வெறும் தண்ணீர் போதாதா? க்ரீமை அகற்ற அதுதான் வேண்டும்: வெதுவெதுப்பான நீரில் குறைந்தது 5 நிமிடம், பிடரியும் காதோரமும் விடாமல். ஆனால் காரத்தில் ஊறி உப்பிய முடி அதை உள்ளேயும் வாங்கி வைத்திருக்கிறது. தண்ணீர் அதை நீர்க்கச் செய்யுமே தவிர முறிக்காது. அலசிய பிறகும் முடி சோப்பு பூசினாற்போல் வழுக்கினால் காரம் இன்னும் உள்ளே இருக்கிறது.

அதற்காகவே செய்தது நியூட்ரலைசிங் ஷாம்பூ. அமிலப் பக்கம் சாய்ந்த பி.எச்., கூடவே அழுக்கும் க்ரீமும் எடுக்கும் நுரை. சில தயாரிப்புகளில் நிறங்காட்டி இருக்கும்: காரம் இருக்கும்வரை நுரை இளஞ்சிவப்பு, போனதும் வெள்ளை. மூன்று முறையாவது போட வேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது நுரையை 3 முதல் 5 நிமிடம் தலையில் விட்டு அலசவும். நுரை வெள்ளையானதும் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. உள்ளே இருப்பது மெல்லக் கசிந்து வர நேரம் எடுக்கும். அடுத்த நுரை திரும்பச் சிவக்கலாம். நிறங்காட்டி இல்லாத பாட்டில் என்றால், முடியிலிருந்து சொட்டும் நுரைநீரில் பி.எச். தாளைத் தொட்டுப் பாருங்கள். 5 நிமிடம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். இரண்டு தடவையும் 6-க்குக் கீழே வந்தால் சரி.

இதற்கு முன்னால் போடும் ‘நார்மலைசிங் லோஷன்’ என்றொரு அமிலக் கண்டிஷனரும் உண்டு. க்ரீம் முழுக்க அலசியபின், ஷாம்பூவுக்கு முன் சில நிமிடம் பூசி அலசுவது. உப்பிய முடியை ஷாம்பூ போட்டுக் கசக்கும் முன் கொஞ்சம் சுருங்க வைப்பதால் மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் நல்ல துணை. ஷாம்பூவுக்கு மாற்று அல்ல.

இனி சமையலறை. வினிகர் மலிவு, கையில் கிடைக்கும். ஆனால் நம் தண்ணீரில்தான் கணக்கு இடறும். 5% வினிகர் 15 மில்லியை பைகார்பனேட் (அமிலத்தை முறிக்கும் உப்பு) இல்லாத ஒரு லிட்டர் நீரில் கலந்தால் பி.எச். சுமார் 3.3. அதையே போர் தண்ணீரில் கலந்தால், கரைந்திருக்கும் பைகார்பனேட் அமிலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நீரின் காரத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. என்றால் பி.எச். 4.4 பக்கம் நிற்கும். முடிக்கு அது நல்லதே. அதே தண்ணீரில் ‘ஒரு டீஸ்பூன் போதும்’ என்று 5 மில்லி ஊற்றினால் அமிலம் முழுக்கத் தண்ணீரோடேயே தீர்ந்துபோகும். முடிக்கு மிஞ்சுவது வாசனைதான். ஆர்.ஓ. நீர் என்றால் 5 மில்லியே தாராளம்.

சிட்ரிக் அமிலத்தூள் இதைவிட ஒரு படி மேல், அதுவும் நோ-லை போட்டவர்களுக்கு. அந்த க்ரீமின் கால்சியம் முடிமேல் படிந்து, நாள்பட வறட்டுத்தனமும் மங்கலும் தரும். சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வரும். போர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது சுமார் கால் டீஸ்பூன். ஆர்.ஓ. நீரில் அந்த அளவே பி.எச்.-ஐ 3-க்குக் கீழே தள்ளிவிடும், ஒரு சிட்டிகை போதும். படிவு கனமாக இருந்தால் கால்சியத்தைப் பிடித்து அகற்றும் ஈ.டி.டி.ஏ. கலந்த கிலேட்டிங் ஷாம்பூதான் வழி.

எலுமிச்சைச் சாறு? வேண்டாம். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், சக்கை முடியில் ஒட்டும். அதைவிட முக்கியம், நம் ஊர் சிறு எலுமிச்சையின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். ரிலாக்சரில் ஏற்கெனவே சிவந்த மண்டைக்கு இது கூடுதல் வேதனை. சீயக்காய்க் கரைசலுக்கு லேசான புளிப்பு உண்டு, ஆனால் அரைத்த தூளின் உராய்வை உப்பிய முடி தாங்காது. சில வாரம் கழித்துப் போடலாம். சீயக்காய் பெயர் போட்ட சோப்புக் கட்டி அதைவிட மோசம், சோப்பின் பி.எச். 9-க்கு மேல். சமையல் சோடா 8-ஐத் தாண்டிய காரம். காரத்தை முறிக்க அதை ஏன் சிபாரிசு செய்கிறார்களோ.

வினிகரோ சிட்ரிக் நீரோ எதுவானாலும் ஷாம்பூ முடித்தபின் கடைசி அலசலாக மட்டும், ஒரு நிமிடம் விட்டு. க்ரீம் இருக்கும்போதே ஊற்றினால் கரைந்த காரம் கண்ணுக்கும் கழுத்துக்கும் வழியும். நீர்க்காத வினிகரை எப்போதும் ஊற்றக் கூடாது. மண்டையில் எரிச்சலோ கொப்புளமோ இருந்தால் எந்த அமிலமும் வேண்டாம்: நீண்ட நேரம் ஓடும் தண்ணீர், பிறகு தோல் மருத்துவர்.

வாங்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், நிறங்காட்டி உள்ள நியூட்ரலைசிங் ஷாம்பூ. பாட்டிலின் பின்பக்கத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று கண்டால் அது தயோவுக்கானது, அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். தயோ போட்ட முடியின் மேல் ஹைட்ராக்சைடு ரிலாக்சர் போடச் சொன்னாலும் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்; இரண்டும் சேர்ந்தால் முடி வேரோரம் ஒடிந்து கையோடு வரும், அதை எந்த பி.எச். அலசலும் மீட்டுத் தராது.