"எவ்வளவுங்க ஆகும்?": காயில் கட்டும் பட்டறையில் நாலு விதப் பதில்

"ஏனுங்க, ஏழரை ஹெச்.பி. சப்மெர்சிபிளுங்க. தண்ணி வரமாட்டேங்குது. எவ்வளவுங்க ஆகும்?"

பல்லடம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குள் காப்பர் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. மோட்டார் இன்னும் போர் குழிக்குள் 700 அடியில் கிடக்கும். நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன். கேட்கிறவருக்கோ இப்போதே பதில் வேண்டும். அவர் கேட்பதில் தப்பே இல்லை. மோட்டாரை மேலே எடுக்க வண்டி வாடகை, ஆள் கூலி என்று தனிச் செலவு இருக்கிறது. திரும்ப இறக்கவும் அதே செலவு. ரிப்பேர் கட்டுப்படியாகுமா, புதுசே வாங்கிவிடலாமா என்பதைக் குழாயில் கை வைப்பதற்கு முன்னாலேயே அவர் யோசித்தாக வேண்டும்.

இதற்கு எங்கள் தொழிலில் நாலு விதமாகப் பதில் சொல்கிறார்கள். நாலையுமே நான் ஒவ்வொரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். எது மேல் என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் இருக்கிற படிக்கல் ஒன்றுதான். பதிலைக் கேட்டவர் பெரிய நஷ்டமில்லாமல் "அப்ப வேண்டாமுங்க" என்று சொல்ல, அந்தப் பதில் இடம் வைக்கிறதா?

முதல் விதம், ஒரே வாயில் ஒரு தொகையைச் சொல்லிவிடுவது. போனில் கேட்பவருக்கு இதுதான் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், வேலை வந்து சேர வேண்டும் என்ற ஆசையில் வாய் குறைத்துச் சொல்லிவிடும். பிரித்த பிறகுதான் புஷ் தேய்ந்திருக்கிறது, அடியில் பாரம் தாங்கும் கார்பன் த்ரஸ்ட் பேரிங் உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த நேரத்தில் வண்டி வாடகை கொடுத்தாகிவிட்டது, மோட்டார் பட்டறையில் கிடக்கிறது, தோட்டத்தில் பயிர் வாடுகிறது. அவரால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். காயில் கூலியை மட்டும் மனதில் வைத்து ஒரு தொகை சொன்னேன். மோட்டார் வந்து பிரித்தால் பேரிங்கும் போயிருந்தது, ராடும் தேய்ந்திருந்தது. நான் சொன்னதில் பாதி இன்னும் சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. மஞ்சப்பையிலிருந்து பணத்தை எடுத்து டேபிள்மேல் வைத்து, "நீங்க சொன்ன காசத்தானுங்க எண்ணி எடுத்துட்டு வந்தேன்" என்றார். மீதியைப் புரட்டிக்கொண்டு வர இரண்டு நாள் ஆயிற்று. பங்குனி வெயில். அந்த இரண்டு நாளும் அவர் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் இல்லை. பேரிங் போனது என் தப்பில்லை, ஆனால் அந்த இரண்டு நாள் என் தப்பு.

குறைத்துச் சொல்லாமல் கூட்டிச் சொல்வோரும் உண்டு. எல்லாமே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னால் பிறகு தொகை ஏறாது, நிஜம்தான். ஆனால் கேபிள் ஜாயின்ட் மட்டும் போனவர், மொத்தமும் எரிந்தவரின் காசைக் கட்டிவிட்டுப் போவார்.

இரண்டாவது, "கொண்டாங்க, பாத்துக்கலாமுங்க." நம் பக்கத்துப் பழைய வழக்கம் இது. அவர் "பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார், நாம் "நாம என்ன இன்னைக்கு நேத்தாப் பழகறோம்" என்போம். வெள்ளாமை எடுத்துக் கணக்கு முடித்த காலத்தில், இரண்டு பக்கமும் நாலு தலைமுறை அறிந்தவர்களாக இருந்த இடத்தில், இது நன்றாகவே ஓடியது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இப்போது அப்பா மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிறார், திருப்பூரில் கம்பெனியில் இருக்கும் மகன் ஜிபேயில் பணம் போடுகிறார். அந்தப் பையனுக்கு எதற்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

எனக்கு இந்த முறை ஆகாமல் போனதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கடைசியில் தொகை சொல்லும்போது பேரம் பேசத் தெரிந்தவர் குறைத்துக்கொண்டு போகிறார், கூச்சப்படுகிறவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தனியாகத் தோட்டம் பார்க்கும் ஒரு அம்மாவிடம் நான் வாங்கியதும், அதே வாரம் அதே வேலைக்கு வாய்க்காரர் ஒருவரிடம் வாங்கியதும் நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்தன. வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முறை அந்த அம்மாவுக்குக் கழித்துக் கொடுத்தேன். அதன் பிறகு "பாத்துக்கலாமுங்க" என்று நான் சொல்வதில்லை.

மூன்றாவது, சுவரில் ரேட் போர்டு. ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், வீட்டுக்கான ஒரு ஹெச்.பி. மோட்டார் என்றால் இதற்கு மேல் ஒரு முறை வேண்டியதில்லை. கம்பி கொஞ்சம், கோளாறும் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதியதைப் படித்துவிட்டுப் பிடித்தால் வைக்கலாம், இல்லையா, எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

பெரிய மோட்டாருக்குப் போர்டு நிற்காது. காரணம் காப்பர். 2020 மார்ச்சில் லண்டன் சந்தையில் காப்பர் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்தது, 2024 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. பெயின்ட் அடித்து எழுதின ரேட் இதன் பின்னால் எப்படி ஓடும்? எழுதியதற்கே கட்டிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினால் மெல்லிசான கேஜில் கம்பியைப் போட்டு இழுத்துக்கட்டத் தோன்றும். அந்த மோட்டார் ஒரு வருஷத்தில் திரும்பி வரும். அதனால் என் போர்டில் இப்போது கூலி மட்டும்தான் பெயின்டில் இருக்கிறது. கம்பி கிலோ என்ன விலை என்பது பக்கத்தில் சிலேட்டில் சாக்பீஸால் எழுதியிருக்கும், ரேட் மாறுகிற அன்று அழித்து எழுதுவோம்.

போர்டில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன், மற்ற கடைக்காரர்களும் எழுத வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். பழைய கம்பி யாருக்கு? எரிந்த காயிலை அறுத்து எடுத்தால் கிலோக் கணக்கில் காப்பர் கிடைக்கும். எரிந்தாலும் காப்பர் காப்பர்தான், பழைய இரும்புக் கடையில் நல்ல காசு. பல இடங்களில் அது பேச்சில்லாமல் கடையிலேயே தங்கிவிடுகிறது. கூலியைக் குறைத்துக் காட்டிவிட்டு அதில் ஈடுகட்டுகிறவர்களும் உண்டு. "கூலி கம்மி, பழைய கம்பி எங்களுக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அதில் குறையில்லை. சொல்லாமல் செய்தால் அது விலையை மறைப்பதுதான். என் பட்டறையில் அறுத்த கம்பியை அவர் முன்னாலேயே தராசில் வைக்கிறோம். கழித்துக்கொள்ளலாம், வேண்டுமானால் சாக்கில் கட்டி எடுத்துப் போகலாம்.

நாலாவது, பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்வது, பார்ப்பதற்கென்று ஒரு கூலி. என் தேர்வு இதுதான். "பிரிச்சுப் பாக்கறதுக்கே காசுங்களா?" என்று கேட்பார்கள். வேலையைக் கொடுத்தால் பார்ப்பதற்கு வாங்கும் 500 ரூபாயை வேலைக் கூலியில் கழித்துவிடுவேன், வேண்டாமென்றால் பழையபடி பூட்டிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு விலை வைத்து, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவ்வளவுதான் இதில் விஷயம்.

பிரித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். காயில் உட்கார்ந்திருக்கும் கூடான ஸ்டேட்டருக்குள் டார்ச் அடித்தால் சில காயில் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும், அடுத்த காயில் நேற்றுக் கட்டியது போலப் பளிச்சென்று இருக்கும். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கதை வேறு, லோடு கூடியோ வோல்டேஜ் குறைந்தோ மொத்தமாகச் சூடேறியிருக்கும். 1937இல் கோவை பீளமேட்டில் மின்மோட்டார் செய்ய ஆரம்பித்த சீமை இது. கிணற்று மேட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தைப் பார்த்தால் போதும், நான் பாதி சொல்வதற்குள் அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள். படத்துக்குக் கீழே கூலி, கம்பி எடை, பேரிங், ஜாயின்ட் கிட் என்று தனித்தனி வரி. கட்டாயம் மாற்ற வேண்டியதும், இன்னும் ஒரு வருஷம் தாங்கக்கூடியதும் பிரிந்து இருக்கும். பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் அங்கேயே எழுதிவிடுவோம். கடைசியில் பில்லை நீட்டும்போது வரியைச் சொன்னால் எவ்வளவு நேர்மையான தொகையும் ஏமாற்று போலத் தெரியும்.

இதிலும் குறை இருக்கிறது. பதில் வரும் வரை பிரித்த மோட்டார் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். கோழிப்பண்ணைக்காரருக்கு இது சுத்தமாக ஒத்துவராது. சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் ஐயாயிரம் கோழி தண்ணீருக்கு நிற்கும்போது அவர் போட்டோவுக்கும் லிஸ்ட்டுக்கும் காத்திருக்க மாட்டார். "எவ்வளவு ஆகும்" என்று அவர் கேட்டாலும் "எப்ப ஆகும்" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அவருக்கு மட்டும் ஒரு மேல்வரம்பு சொல்வேன். "இத்தனைக்குள்ள முடிஞ்சா கேக்காமக் கட்டிப்போடறனுங்க, மேல போனா மட்டும் கூப்பிடறேன்."

சரி, பிரிப்பது பட்டறைக்கு வந்த பிறகு. போனில் கேட்பவருக்கு என்ன பதில்? தொகை சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பேன். ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுதுங்களா, ஓடிட்டே இருக்குதுங்களா? ஆம்ஸ் (மோட்டார் இழுக்கற கரண்ட்) எத்தனை காட்டுது? தண்ணி ஒரேயடியா நின்னுதா, கொஞ்சங்கொஞ்சமாக் குறைஞ்சுதா? ஆம்ஸ் ஏறி ட்ரிப் ஆகிறது என்றால், பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷன் பார்க்கும் மீட்டரான மெக்கர் இருந்தால் மேலேயே கேபிளில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இன்சுலேஷன் போயிருந்தால் அதிலேயே தெரியும். போனது காயிலா ஜாயின்டா என்பது மட்டும் எடுத்தால்தான் தெரியும். அதனால் "ஜாயின்ட்டா இருந்தா இவ்வளவு, காயிலா இருந்தா இவ்வளவு" என்று இரண்டு தொகையாகச் சொல்வேன். பெரியதைக் கேட்டுவிட்டு, வண்டிக்குச் சொல்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஏழரை ஹெச்.பி.க்காரரிடமும் இதையேதான் கேட்டேன். "ட்ரிப் ஆகலீங்க. ஓடுது. வழக்கமா பதினாலு காட்டும், இப்ப எட்டுதானுங்க காட்டுது" என்றார். எரிந்த காயில் அப்படிக் காட்டாது. ஆறு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்க என்றேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"கால் மணி நேரம் வந்துச்சுங்க. அப்புறம் நின்னுபோச்சு."

"அப்ப மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க, போர்லதான் தண்ணி இறங்கியிருக்குது. தூக்க வேண்டாம், நிறுத்தியே வைங்க. போர் எத்தனை அடி ஓட்டுனதுன்னு பழைய பில்லைப் பாருங்க. இன்னும் நாலு லெங்த் குழாய் எறக்க எடமிருக்குதான்னு தெரிஞ்சுட்டுக் கூப்பிடுங்க."